முப்பது சொச்சம் தளங்களும் ஒரு முழு இணையமும்

2015 பிப்ரவரி 10. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் வைத்திருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் அன்று முதல் நெட் பேக் போடாமலேயே போனில் சில தளங்களைத் திறக்க முடிந்தது. ஃபேஸ்புக் இருந்தது. விக்கிப்பீடியா இருந்தது. தமிழில் செய்தி படிக்க மாலைமலர், ஆங்கிலத்துக்கு பிபிசியும் என்டிடிவியும். கிரிக்கெட் ஸ்கோருக்கு ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ, பழைய பொருளை விற்க ஓஎல்எக்ஸ், வேலை தேட பாபாஜாப், ராசிபலனுக்கு ரிலையன்ஸின் சொந்த ஜோதிடப் பக்கம். ஏதாவது தேட வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் பிங். எல்லாம் சேர்ந்து முப்பது சொச்சம். இவற்றை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பேலன்ஸில் ஒரு பைசா குறையாது.

கூகுள் தேடல் அதில் இல்லை. யூடியூப் இல்லை. ரயில் டிக்கெட் எடுக்க ஐஆர்சிடிசி இல்லை. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொந்தமாகத் தொடங்கிய தளம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அந்தத் திட்டத்தின் பெயர் இன்டர்நெட்.ஆர்க். நடத்தியது ஃபேஸ்புக். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தச் செயலிக்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். முதலில் வந்தது தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், குஜராத், மகாராஷ்டிரம், மும்பை வட்டாரங்களில். சரியாக ஒரு வருடம் கழித்து, 2016 பிப்ரவரி 11 அன்று, இந்தியாவில் அது இனி இல்லை என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மூன்று நாள் முன்பு வெளியான ஒரு சட்ட விதி அதை முடித்து வைத்திருந்தது.

அந்த ஒரு வருடத்தைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன். ஒரு தொழில் திட்டம் எப்படிச் சட்டச் சிக்கலானது, சட்டச் சிக்கல் எப்படி அரசியலானது, அது நம் போன் பில்லில் எப்படி வந்து நின்றது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விதி சரியானது. ஆனால் யாருடைய பெயரால் இரண்டு தரப்பும் சண்டை போட்டார்களோ, அந்த ஏழை வாடிக்கையாளரின் குரல் அந்த வருடம் முழுக்க எங்கும் பதிவாகவில்லை.

எஸ்எம்எஸ் போன கவலை

கதை ஃபேஸ்புக்கிடமிருந்து தொடங்கவில்லை. போன் கம்பெனிகளின் கல்லாவிலிருந்து தொடங்குகிறது.

பொங்கல், தீபாவளி, புத்தாண்டு அன்று எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்று ஒரு ஏற்பாடு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். வாழ்த்து அனுப்புகிற நாளில் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் முழுக் காசு. வாட்ஸ்அப் வந்ததும் அந்த வருமானம் கரைந்தது. ஸ்கைப், வைபர் போன்றவை வந்ததும் வெளிநாட்டு அழைப்பின் வருமானத்திலும் கை வைத்தன. கோடிக்கணக்கில் கொட்டி அலைக்கற்றை வாங்கியது நாங்கள், கோபுரம் கட்டியது நாங்கள், அதன்மேல் ஓசியில் ஓடுவது இந்தச் செயலிகள் என்பது கம்பெனிகளின் மனக்குறை. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வாடிக்கையாளர் அந்தச் செயலிகளுக்காகத்தான் டேட்டா வாங்கினார், அதற்கான காசையும் அந்தக் கம்பெனிகளிடம்தான் கட்டினார் என்பதும் உண்மை.

2014 டிசம்பர் கடைசியில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே பின்வாங்கி, டிராய் முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டது. டிராய் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தில் கடைசி வார்த்தை அவர்களுடையது.

டிராய் 2015 மார்ச் 27 அன்று ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்விகள். அதற்கு மூன்று நாள் முன்புதான், மார்ச் 24 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்திருந்தது. ஃபேஸ்புக்கில் எழுதியதற்கும் லைக் போட்டதற்கும் ஆட்களைக் கைது செய்ய உதவிய பிரிவு அது. இணையத்தில் தன் உரிமை என்ன என்று இளைஞர்கள் சூடாகப் பேசிக்கொண்டிருந்த வாரம். டிராயின் அறிக்கை அந்தச் சூட்டில் வந்து விழுந்தது.

காசு யார் கட்டுகிறார்கள் என்பதில் என்ன இருக்கிறது

நெட் நியூட்ராலிட்டி என்பதைத் தமிழில் இணையச் சமநிலை என்று எழுதுகிறோம். கருத்து எளிது. உங்களுக்கு இணைப்புக் கொடுக்கிற கம்பெனி, அந்த இணைப்பில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது. வேகத்தில் கூடாது, தடுப்பதில் கூடாது, விலையிலும் கூடாது.

முதல் இரண்டையும் எல்லோரும் உடனே ஒப்புக்கொள்வார்கள். ஒரு கம்பெனி தனக்குப் பிடிக்காத தளத்தை மெதுவாக்கினால் யாருக்கும் கோபம் வரும். மூன்றாவதில்தான் சிக்கல். விலையைக் குறைப்பது எப்படிக் குற்றமாகும்? ஒன்றை இலவசமாகக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய ரீசார்ஜ் கடையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். டிராயின் கணக்குப்படி 2014-ல் ஒரு ஜிபி டேட்டாவுக்கு வாடிக்கையாளர் சராசரியாகக் கொடுத்தது சுமார் 269 ரூபாய். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி. "அண்ணா, ஒரு இருபது ரூபாய்க்கு ஈசி போடுங்க" என்று கேட்டு, அதில் பாதியை நெட்டுக்கும் மீதியைப் பேசுவதற்கும் பங்கு போட்டவர்கள் ஏராளம். தெரியாமல் டேட்டா ஆனில் இருந்துவிட்டால் பேலன்ஸ் முழுக்கப் போய்விடும் என்ற பயத்திலேயே போனை வைத்திருந்த காலம் அது.

அப்படிப்பட்டவரிடம் ஒரு தளம் இலவசம், மற்றதெல்லாம் காசு என்றால், மற்றவை அவருக்கு இல்லாதவைதான். ஒரு தளத்தைத் தடைசெய்ய அரசாணை தேவையில்லை. பக்கத்தில் இருப்பதை இலவசமாக்கினாலே போதும். காசுள்ளவருக்கு இது வெறும் சலுகை. காசில்லாதவருக்கு இதுதான் இணையத்தின் எல்லைக்கோடு. இணையச் சமநிலை பற்றி எழுதப்பட்ட அத்தனையிலும் நான் முக்கியமாகக் கருதுவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

அந்த 2015 ஏப்ரலிலேயே இதற்கு இன்னொரு வடிவமும் வந்தது. ஏர்டெல் ஜீரோ. செயலி நடத்துகிற நிறுவனம் ஏர்டெலுக்குப் பணம் கட்டிவிடும், அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவருக்கு டேட்டா செலவு கிடையாது. ஃப்ளிப்கார்ட் இதில் சேரப் பேச்சு நடத்துகிறது என்று செய்தி வந்ததும், மக்கள் அதன் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். ஏப்ரல் 14 அன்று ஃப்ளிப்கார்ட் விலகியது. பெரிய கடைக்குப் போக ஆட்டோ இலவசம், சின்னக் கடைக்குப் போக நீயே காசு கொடு என்றால் சின்னக் கடை எத்தனை நாள் தாங்கும்? ஃப்ளிப்கார்ட்டும் 2007-ல் பெங்களூரில் இரண்டு பேர் புத்தகம் விற்கத் தொடங்கிய சின்னக் கடைதான். அன்று வேறொரு பெரிய கடை இப்படி ஆட்டோவுக்குக் காசு கட்டியிருந்தால், ஃப்ளிப்கார்ட் வளர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஃபேஸ்புக்கின் திட்டம் இதிலிருந்து ஒரு இடத்தில் வேறுபட்டது. தளங்கள் காசு கட்டத் தேவையில்லை. ஃபேஸ்புக்கும் கம்பெனிக்குக் காசு கொடுப்பதில்லை என்றார்கள். புதிய வாடிக்கையாளர்கள் வந்து, பிறகு காசு கொடுத்து முழு இணையத்துக்குப் போவார்கள் என்பதுதான் கம்பெனிக்கான ஆசை. ஆனால் உள்ளே வர நினைக்கும் தளம் ஃபேஸ்புக் வகுத்த விதிகளுக்கு உட்பட வேண்டும். வீடியோ கூடாது, இணைய அழைப்பு கூடாது, பெரிய படங்கள் கூடாது. போக்குவரத்து முழுக்க ஃபேஸ்புக் ஏற்பாடு செய்த இடைச் சர்வர் வழியாகப் போகும். விதியை எழுதுபவரும் ஃபேஸ்புக், அதை மாற்றுபவரும் ஃபேஸ்புக், யார் எந்தத் தளத்துக்கு எவ்வளவு நேரம் போனார் என்று தெரிந்துகொள்ளும் இடத்தில் இருப்பதும் ஃபேஸ்புக். போட்டியாளராக வளரக்கூடிய இன்னொரு சமூக வலைத்தளம் அந்த வாசலுக்கு வந்து அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

பத்து லட்சம் மின்னஞ்சல்கள்

118 பக்க அறிக்கையைச் சாதாரண மனிதர் படிக்க மாட்டார். டிராய்க்கு வருகிற பதில்கள் அதுவரை பெரும்பாலும் கம்பெனிகளிடமிருந்தும் வக்கீல்களிடமிருந்தும் வந்தவைதான். இந்த முறை மாறியது. மீடியாநாமா என்ற செய்தித் தளத்தை நடத்திய நிகில் பாஹ்வா, ஹாஸ்கீக் நிறுவனத்தின் கிரண் ஜொன்னலகட்டா, வழக்கறிஞர் அபார் குப்தா உள்ளிட்ட ஒரு தன்னார்வலர் கூட்டம் சேர்ந்தது. 20 கேள்விகளுக்கும் பதில் தயாரித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் டிராய்க்கு மின்னஞ்சல் போகும்படி ஒரு தளம் அமைத்தார்கள். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு ஏப்ரல் 11 அன்று யூடியூபில் ஒரு விளக்க வீடியோ போட்டது. அது காட்டுத்தீயாகப் பரவியது. கெடு முடிந்த ஏப்ரல் 24-க்குள் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன.

டிராய் அவற்றை அப்படியே தன் தளத்தில் போட்டது. அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு. பத்து லட்சம் பேரின் முகவரி விளம்பரக்காரர்கள் அள்ளிக்கொள்ளும்படி கிடந்தது. பொதுமக்கள் தன்னோடு பேசுவார்கள் என்று அந்த அமைப்பு நினைத்தே பார்த்ததில்லை என்பது அதில் தெரிந்தது.

நாடாளுமன்றத்துக்கும் விஷயம் போனது. ஏப்ரல் 22 அன்று மக்களவையில் ராகுல் காந்தி பேசினார். பிஜு ஜனதா தளத்தின் ததாகத சத்பதி இணையச் சமநிலை வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். ஒடிசா முதல்வர் நவீன் பட்நாயக் டிராய்க்கு எழுதிய கடிதத்தில், ஏழைக்கு எது வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தால் தனக்கு எது நல்லது என்று தேர்ந்தெடுக்கும் அவருடைய உரிமையைப் பறிக்கிறீர்கள் என்ற பொருளில் சொல்லியிருந்தார். இந்த விவகாரத்தில் அரசியல்வாதி ஒருவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அதுதான். இதற்கிடையில் கிளியர்ட்ரிப், என்டிடிவி போன்றவை இன்டர்நெட்.ஆர்க்கிலிருந்து வெளியேறிவிட்டன.

நூலகம் என்றார் ஸக்கர்பெர்க்

2015 டிசம்பர் 9 அன்று டிராய் இரண்டாவது கலந்தாய்வு அறிக்கையைக் கொண்டுவந்தது. தலைவர் இப்போது ஆர்.எஸ். சர்மா. இந்த முறை நான்கே கேள்விகள். முதலாவது நேரடியானது: வெவ்வேறு தளங்களுக்கு வெவ்வேறு டேட்டா கட்டணம் வாங்கக் கம்பெனிகளை அனுமதிக்கலாமா? முடிவு தெரியும்வரை ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்திவைக்கும்படி ரிலையன்ஸிடமும் சொல்லிவிட்டது.

ஃபேஸ்புக் தன் முழுப் பலத்தையும் இறக்கியது. நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரங்கள், ஊரெங்கும் பெரிய பலகைகள். ஃபேஸ்புக்கைத் திறந்தால் ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவாக டிராய்க்கு எழுதுங்கள் என்ற அறிவிப்பு. இந்தியாவுக்கு வெளியே இருந்த சிலருக்குக்கூட அது போய், தவறுதலாக நடந்தது என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. டிசம்பர் 28 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஃபேஸ்புக்கின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் தன் பெயரில் கட்டுரை எழுதினார். நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இருப்பதில்லை, ஆனாலும் நூலகம் நன்மை செய்கிறது. அரசு மருத்துவமனையில் எல்லாச் சிகிச்சையும் இல்லை, ஆனாலும் உயிர்களைக் காக்கிறது. அதுபோலத்தான் இது என்பது அவர் வாதம். இப்படி முதன்முதலாக இணையத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் 30 நாளில் காசு கொடுத்து முழு இணையத்துக்குப் போகிறார்கள் என்றும் எழுதினார்.

நூலக உவமையை நான் லேசாகத் தாண்டிப்போக விரும்பவில்லை. கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்து வேலைக்குப் போனவர்கள் நிறைந்த மாநிலம் இது. நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. அந்தக் காசில் புத்தகம் வாங்குகிறார்கள். எந்தப் புத்தகம் வாங்க வேண்டும் என்பதில் குறை இருக்கலாம், அந்தக் குறையை நாம் அரசிடம் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஃபேஸ்புக் கட்ட நினைத்த நூலகத்தை நடத்துவது ஒரு பதிப்பகம். வாசலில் அடுக்கியிருப்பது அவர்களுடைய புத்தகம். மற்ற பதிப்பகத்தார் வரலாம், ஆனால் அவர்கள் சொல்லும் அளவில் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது அவர்களிடம் பதிவாகும். குறை இருந்தால் கேட்க ஒரு மாவட்ட நூலக அலுவலர்கூடக் கிடையாது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் பலர் அந்த டிசம்பரில் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். எது அடிப்படைத் தேவை என்று ஃபேஸ்புக் முடிவு செய்வதும், தரவு அவர்கள் வழியாகப் போவதும், இலவசம் என்ற சொல்லே தவறான எண்ணத்தைத் தருவதும் அவர்கள் சுட்டிய குறைகள். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி இன்னொரு வழி சொன்னார். ஏழைக்கு உதவ வேண்டுமென்றால் மாதம் இவ்வளவு டேட்டா என்று மானியமாகக் கொடுங்கள், அதில் எதைப் பார்ப்பது என்பது அவர் விருப்பம் என்றார். தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல், முழு இணையத்தையும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் இலவசமாகத் தரும் திட்டம் ஒன்றை 2015 அக்டோபரில் அறிவித்திருந்தது. வேகம் மிகக் குறைவு. ஆனால் எந்தத் தளம் என்ற கேள்வி அதில் இல்லை. இலவசம் வேண்டுமா, சமநிலை வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற பேச்சு பொய் என்பதற்கு அதுவே சாட்சி.

டிராய்க்கு இந்த முறை 24 லட்சம் பதில்கள் வந்தன. பெரும்பகுதி ஃபேஸ்புக்கின் அச்சு வாசகம். நான் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன் என்பது அதன் சாரம். டிராய் கேட்ட நான்கு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. ஆதரவாளர்களிடம் சொல்லி உண்மையான பதில்களை வாங்கித் தாருங்கள் என்று கேட்ட டிராய், 2016 ஜனவரியில் ஃபேஸ்புக்குக்கு எழுதிய கடிதத்தில் கடுமையாகவே பேசியது. ஆழ்ந்த கருத்துக் கேட்புக்கான ஒரு முயற்சியை, ஏற்பாடு செய்யப்பட்ட தலை எண்ணும் வாக்கெடுப்பாக மாற்றுகிறீர்கள் என்பது அதன் சாரம்.

ஏப்ரலில் போன பத்து லட்சமும் தயார் வாசகம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதில் கேள்வி வாரியாகப் பதில் இருந்தது, அனுப்புகிறவர் அதைத் திருத்தவும் முடிந்தது. அப்புறம், தன் சொந்த வியாபாரத்துக்காக அந்த வியாபாரத்தின் வாடிக்கையாளர் பட்டியலையே போராட்டப் படையாக மாற்றுவது வேறு விஷயம். ஒரு நிறுவனம் கோடிக்கணக்கான இந்தியர்களின் திரையில் ஒரே நேரத்தில் தன் அரசியல் கோரிக்கையை வைக்க முடியும் என்பதை அன்றுதான் இந்த நாடு கண்ணால் பார்த்தது. நான் டிராய் உறுப்பினராக இருந்திருந்தால், எனக்கு மனம் மாற அந்த ஒரு காட்சியே போதுமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 8

2016 பிப்ரவரி 8 அன்று டேட்டா சேவைகளுக்கான பாகுபாடான கட்டணங்களைத் தடை செய்யும் விதிமுறைகள் வெளியாயின. உள்ளடக்கத்தை வைத்து வேறு வேறு கட்டணம் கூடாது. அதைச் சுற்றிப்போக யாரோடும் ஒப்பந்தம் போடவும் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். வெள்ளம், புயல் போன்ற அவசர காலத்தில் அவசர சேவைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம், ஆனால் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும்.

தண்டத் தொகை பெரிய கம்பெனிக்குப் பெரிதல்ல. விதியின் பலம் அதோடு இணைத்த விளக்கக் குறிப்பில் இருந்தது. இணையம் என்பது ஒரே கம்பெனியின் சொத்தல்ல, ஒருவர் அனுப்பும் தகவல் பலருடைய வலையமைப்பைக் கடந்துதான் போய்ச் சேர்கிறது, ஆகவே ஒரு முனையில் இருப்பவர் மட்டும் உள்ளடக்கத்தை வைத்து விலை போட முடியாது என்றது. மக்களில் பெரும்பாலோர் இன்னும் இணையத்துக்கே வராத நாட்டில், முதல் அனுபவத்தையே கம்பெனிகள் வடிவமைக்க விடுவது ஆபத்து என்றது. அலைக்கற்றை பொதுச் சொத்து, அதில் பலவிதக் கருத்துகள் ஒலிக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னதையும் எடுத்துக்காட்டியது. தொலைக்காட்சிக்காகச் சொன்ன தீர்ப்பு இருபது வருடம் கழித்து இணையத்துக்கு வந்து நின்றது.

ஒவ்வொரு திட்டமாக வரட்டும், தனித்தனியாகப் பார்த்து அனுமதிக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. டிராய் அதை ஏற்கவில்லை. ஒவ்வொன்றையும் ஆராய்ந்தால் செலவும் குழப்பமும் கூடும், நல்ல வக்கீல் வைக்க முடிந்த பெரிய நிறுவனங்களுக்கே அது சாதகமாகும் என்றது. ஒழுங்குமுறை அமைப்புகள் வழக்கமாக எல்லாவற்றையும் தங்கள் விருப்புரிமையில் வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படும். டிராய் அந்த அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்தது. அதற்காகவே அந்த ஆவணத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு.

விதி வந்த கையோடு ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனி எதிர்ப்பு மனநிலைதான் இந்தியாவைப் பல பத்தாண்டுகளாகக் கெடுத்தது என்ற தொனியில் ட்விட்டரில் எழுதினார். கொதிப்பு எழுந்ததும் நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஸக்கர்பெர்க்கும் அந்தக் கருத்தோடு தனக்குச் சம்பந்தமில்லை என்றார். மறுநாளே திட்டம் முடிவுக்கு வந்தது.

விதியில் அடிபட்ட நல்லவர்

இந்த விதி ஃபேஸ்புக்கை மட்டும் நிறுத்தவில்லை. விக்கிப்பீடியா ஜீரோ என்று ஒரு திட்டம் இருந்தது. 2013 முதல் ஏர்செல் வாடிக்கையாளர்கள் விக்கிப்பீடியாவை இலவசமாகப் படிக்க முடிந்தது. லாப நோக்கம் இல்லாத, விளம்பரம் இல்லாத, தமிழிலும் வளர்ந்துகொண்டிருந்த ஒரு கலைக்களஞ்சியம். உள்ளடக்கத்தை வைத்துக் கட்டண வேறுபாடு கூடாது என்றால் இதுவும் கூடாது. தமிழ் விக்கிப்பீடியாவில் இரவெல்லாம் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நல்லது எது என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தால், அந்தப் பட்டியலை யார் போடுவது என்ற பழைய கேள்விக்கே திரும்பி வருவோம்.

இன்னொரு வருத்தம் பெரியது. 2015 மார்ச்சில் நாட்டில் இணைய இணைப்புகள் சுமார் 30 கோடி. மக்கள்தொகையோ 125 கோடிக்கு மேல். மின்னஞ்சல் அனுப்பிய பத்து லட்சம் பேரும் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள். ஃபேஸ்புக் திரட்டியதும் ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் இருந்தவர்களைத்தான். வெளியே நின்ற கோடிக்கணக்கானவர்களை ஒருவரும் கேட்கவில்லை, கேட்கும் வழியும் டிராயிடம் இருக்கவில்லை. முப்பது தளமாவது கிடைக்கட்டுமே என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தால், அவருக்கு அன்று கையில் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. விதி ஒரு கதவை மூடியது. வேறு கதவைத் திறப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

அது திறந்தது வேறு வழியில். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. மாதக்கணக்கில் டேட்டா இலவசம், எந்தத் தளமானாலும். கடையில் சிம்முக்கு வரிசை நின்றது. மற்ற கம்பெனிகளும் விலையைக் குறைத்தாக வேண்டியிருந்தது. 2014-ல் 269 ரூபாயாக இருந்த ஒரு ஜிபி 2018-ல் 12 ரூபாய்க்கும் கீழே போனது. ஃப்ரீ பேசிக்ஸ் கொடுக்க நினைத்ததைப் போலப் பல மடங்கு, முழு இணையமாகவே, கிராமம்வரை போனது. டிராய் விதியால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பெரும் முதலாளியின் பண பலத்தால் நடந்தது. விலைப் போரில் பல கம்பெனிகள் விழுந்தன. ஃபேஸ்புக்கின் கூட்டாளியான ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் திவாலானது, ஏர்செல்லும் 2018-ல் திவால் மனுப் போட்டது. ஏர்செல் சிக்னல் திடீரென்று போய், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாமல் தமிழ்நாடு முழுக்க ஆட்கள் அலைந்த நாட்கள் பலருக்கு மறந்திருக்காது.

விதி செய்தது இன்னொன்று. விலை விழுந்தபோது எல்லாத் தளத்துக்கும் சேர்த்தே விழுந்தது. ஃபேஸ்புக் ஜிபி, யூடியூப் ஜிபி என்று தனித்தனியாக விலை பேச வழியில்லாமல் போனது. இன்று ரீசார்ஜோடு ஏதாவது ஓடிடி சந்தா இலவசமாக வரும். ஆனால் அதில் படம் பார்த்தாலும் நம் ஒன்றரை ஜிபியிலிருந்துதான் கழியும். எத்தனையோ நாடுகளில் இன்னும் வாட்ஸ்அப் பேக், ஃபேஸ்புக் பேக் என்று தனித்தனியாக விற்கிறார்கள்.

2018 ஜூலையில் மத்திய அரசு அடுத்த படிக்குப் போனது. தளங்களைத் தடுப்பது, மெதுவாக்குவது, சிலவற்றுக்கு மட்டும் வேகம் கூட்டுவது எல்லாவற்றுக்கும் எதிரான விதிகளை ஏற்றது. பிறகு அது கம்பெனிகளின் உரிமத்திலேயே நிபந்தனையானது. அமெரிக்கா அதற்குச் சில மாதம் முன்புதான், 2017 டிசம்பரில், தன் இணையச் சமநிலை விதிகளை ரத்து செய்திருந்தது. 2024-ல் அங்கே மறுபடி கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் நீக்கியது. இந்தியாவின் விதி மட்டும் ஆட்டம் காணாமல் நிற்கிறது.

ஃபேஸ்புக்கும் போய்விடவில்லை. 2020 ஏப்ரல் 22 அன்று ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 43,574 கோடி ரூபாய் போட்டு 9.99 சதவீதப் பங்கை வாங்கியது. 2015-ல் ஃபேஸ்புக் ஆங்காங்கே சிம் கம்பெனியின் வாசலில் நின்றது. ஐந்தே வருடத்தில் நாட்டின் மிகப் பெரிய சிம் கம்பெனியில் பங்குதாரர். இப்போது அதே நிறுவனத்துக்குச் சொந்தமான வாட்ஸ்அப் இல்லாமல் பள்ளிக்கூட அறிவிப்பும் வருவதில்லை, மளிகைக் கடை ஆர்டரும் போவதில்லை. கட்டணத்தில் சமநிலை காத்தோம், ஆனால் பெரும்பாலோர் நாள் முழுக்க இருப்பது அதே நிறுவனத்தின் செயலிகளுக்குள்தான். 2016 விதி அதைத் தடுக்கும் விதியல்ல, அப்படி அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

2023-ல் பழைய மனக்குறை புது உருவில் வந்தது. பெரிய தளங்கள்தான் எங்கள் வலையமைப்பை நிரப்புகின்றன, ஆகவே அவர்கள் எங்களுக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டன. அந்த ஜூலையில் டிராய் மறுபடியும் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 2016 விதி பேசுவது வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தைப் பற்றி. தளத்திடம் கம்பெனி பங்கு கேட்பதை அது நேரடியாகத் தொடவில்லை.